ஒரே பக்கம் திரும்பிய புள்ளிகள்

புதிதாக இந்தத் துறைக்கு வந்திருக்கும் உங்களுக்காக எதையாவது எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். லேசரை எப்படி நேர்ப்படுத்துவது, ஆடிகளை எப்படித் துடைப்பது என்று எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பார்கள். அதெல்லாம் கையேட்டில் இருக்கிறது, படித்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போவது எந்தக் கையேட்டிலும் இல்லை. ஓய்வுபெற்று வீட்டில் உட்கார்ந்திருக்கும் இந்தக் காலத்திலும், அந்த நாளை நினைத்தால் என்னால் நாற்காலியில் இருக்க முடிவதில்லை. எழுந்து இரண்டு நடை நடந்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள். திருப்பூரிலிருந்து மங்கலம் போகும் வழியில் ஒரு பொறியியல் கல்லூரி. அதன் தாளாளர் பனியன் கம்பெனி முதலாளி. சாயத்துக்கும் நூலுக்கும் ஆராய்ச்சி செய்ய ஊரில் ஆள் நிறைய உண்டு, நம் கல்லூரி வேறு மாதிரி இருக்க வேண்டும் என்று அவருக்கு ஒரு பிடிவாதம். அந்தப் பிடிவாதத்தின் பலனாகத்தான் திருநெல்வேலிக்காரியான நான் அங்கே ஆய்வகப் பொறுப்பாளராகப் போய்ச் சேர்ந்தேன். நல்ல புற ஊதா லேசர் ஒன்றும் வந்து சேர்ந்தது. லேசர் எங்களுடையது இல்லை, இரவல். கொடுத்த அமைப்பு ஒரு குழுவை அனுப்பிப் பார்க்கும். திருப்தி இல்லையென்றால் பெட்டியில் கட்டி வேறு ஊர் ஆய்வகத்துக்குக் கொண்டுபோய்விடும். அந்த வேறு ஊர்க்காரர்கள் ஏற்கெனவே கேட்டுக் கேட்டு நச்சரித்துக்கொண்டிருந்தார்கள்.

லேசர் போனால் எனக்கு வருத்தம், அவ்வளவுதான். கோகிலாவுக்கு அப்படி இல்லை. அவள் எங்கள் ஆராய்ச்சி மாணவி, மங்கலத்துப் பெண். வீட்டில் விசைத்தறி ஓட்டுகிறார்கள். தறிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்ததால் ஆய்வகத்திலும் உரக்கத்தான் பேசுவாள். அவளுடைய ஆய்வேடு பாதிக்கு மேல் வந்திருந்தது. மீதியை முடிக்க அந்த லேசர் வேண்டும். அது போய்விட்டால் அத்தனை வருட உழைப்பும் பாதியில் நின்றுவிடும்.

நாங்கள் செய்த வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு சிலிக்கான் சில்லின் மேல் இரும்பும் அலுமினியமும் கலந்த மெல்லிய படலம். உள்ளே இரும்பு இருந்தும் காந்தம் அதைச் சட்டை செய்யாது, ஏனென்றால் அணுக்கள் ஒழுங்கு வரிசையில் உட்கார்ந்திருக்கின்றன. கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் குறைவாகச் சூடாக்கி விட்டுவிட்டால் வரிசை கலைந்து, சுட்ட இடம் மட்டும் காந்தமாகிவிடும். லேசர் கற்றையை நான்காகப் பிரித்து, நான்கையும் படலத்தின் மேல் மறுபடி சந்திக்க வைத்தால், ஒளி சில இடங்களில் கூடும், சில இடங்களில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கூடிய இடமெல்லாம் ஒரு புள்ளி. ஒரே துடிப்பில் லட்சக்கணக்கான காந்தப் புள்ளிகள். தலைமுடியின் குறுக்கே நூற்றுக்கு மேல் அடுக்கலாம். லேசர் ஒருமுறை 'டக்' என்று சத்தம் போடும், வேலை முடிந்தது. முதல்முறை அந்தச் சத்தத்தைக் கேட்டபோது எனக்குக் கைதட்டத் தோன்றியது. தட்டவும் செய்தேன்.

புள்ளிகளைப் பார்க்கக் காந்த முனை வைத்த நுண்ணோக்கி ஒன்று பக்கத்துக் கட்டடத்தில் இருந்தது. அதன் திரையில் ஒவ்வொரு புள்ளியும் பாதி வெள்ளை, பாதி கறுப்பாகத் தெரியும். வெள்ளை ஒரு துருவம், கறுப்பு இன்னொரு துருவம். தானாக விட்டால் சில புள்ளிகள் வெள்ளையை இடப்பக்கம் காட்டும், சில வலப்பக்கம் காட்டும். பேருந்துக்கு நிற்கிற கூட்டம் மாதிரி ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இயற்கை அப்படித்தான்.

எங்களுக்கு வந்த படத்தில் எல்லாப் புள்ளிகளும் ஒரே பக்கம் பார்த்தன.

ஒன்றுகூட விலகவில்லை. திரையின் மேலிருந்து கீழே வரி வரியாகப் படம் இறங்க இறங்க, கோகிலா என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"மேடம், பாருங்க. ஒண்ணுகூட மாறலீங்க. காந்தமே வெக்கலீங்க நாம."

காந்தமே வைக்காமல் ஒளி மட்டுமே புள்ளிகளைத் திசை திருப்பியிருக்கிறது. அப்படியென்றால் இது யாரும் பார்க்காத ஒன்று. அடுத்த சில்லு போட்டோம், அதே திசை. அதற்கடுத்ததும் அதே திசை. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. கரும்பலகை முழுக்க அம்புக்குறி போட்டு, நான்கு கற்றைகள் எப்படிச் சேர்ந்து புள்ளிகளைச் சீவிவிட்டிருக்கும் என்று ஒரு கோட்பாடே எழுதிவிட்டேன். பேக்கரியிலிருந்து எல்லோருக்கும் தேங்காய் பன் வந்தது. தாளாளர் காதுக்கு விஷயம் போய், அவர் நேரே வந்து திரையைப் பார்த்தார்.

"ஏனுங்க மேடம், இதைய நம்ம பனியன் லேபிள்ல போட முடியுங்களா? காதர்பேட்டைக் கடைவீதியில நம்ம பேரப் போட்டுப் போலி விக்கறவனப் புடிச்சறலாமுங்க."

"முடியும்ங்க" என்றேன். அன்றைக்கு நிலாவைப் பிடித்துத் தர முடியுமா என்று கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அசிங்கமான படம் வந்தால் நாம் எல்லாவற்றையும் சந்தேகப்படுவோம். லேசரைச் சோதிப்போம், சில்லைச் சோதிப்போம், பக்கத்து வீட்டுக்காரரைக்கூடச் சோதிப்போம். அழகான படம் வந்தால் பன் வாங்கிவரச் சொல்லுவோம். திரும்பத் திரும்ப அதே படம் வந்தது என்பதால்தான் நாங்கள் நம்பினோம். அது தப்பான காரணம் இல்லை. ஆனால் திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் லேசராக மட்டும்தான் இருக்க வேண்டுமா என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

குழு வருவதற்கு முந்தின நாள். கோகிலா, காட்டுவதற்குப் புதிதாக ஒரு சில்லு வேண்டும் என்று லேசர் போட்டாள். வழக்கமாகச் சில்லுகளை டப்பாவில் எடுத்து வைத்து நுண்ணோக்கி அறைக்குக் கொண்டுபோவது சரசு. அவள் எங்கள் உதவியாளர். அதற்கு முன்பு ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் பல வருடம் தைத்த துணிக்குக் கடைசிச் சோதனை, ஃபைனல் செக்கிங், பார்த்தவள், வீட்டுக்குப் பக்கம் என்று எங்களிடம் வந்து சேர்ந்தவள். கை அவ்வளவு சுத்தம். அன்றைக்குக் குன்னத்தூரில் சொந்தக்காரர் வீட்டுச் சீர் என்று விடுப்பு எடுத்திருந்தாள். கோகிலா தானே சில்லைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

அரை மணி நேரத்தில் அவளிடமிருந்து போன். குரல் மெல்லியதாக வந்தது. அவள் குரல் மெல்லியதாக வந்தாலே எனக்குப் பயம்.

"மேடம், வாங்க. எல்லாம் கலஞ்சு கெடக்குதுங்க."

போய்ப் பார்த்தேன். புள்ளிகள் இருந்தன, வரிசையாக, அழகாகவே இருந்தன. ஆனால் ஆளுக்கொரு பக்கம் பார்த்தன. இன்னொரு சில்லு போட்டோம். அதுவும் அப்படியே. நான்கு கற்றைகளையும் கழற்றி மறுபடி நேர்ப்படுத்தினேன். லேசரின் சக்தியை அளந்தோம், சரியாக இருந்தது. மறுபடி போட்டோம். மறுபடியும் கலைந்தே வந்தது. அலமாரியில் இருந்த பழைய சில்லுகளை எடுத்துப் பார்த்தால் அவை மட்டும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு எங்களைக் கேலி செய்தன.

"அப்ப முந்தி வந்ததெல்லாம் பொய்யுங்களா மேடம்?"

"பொய்யா இருந்தா ஒருவாட்டி வரும். எல்லாவாட்டியும் வந்துச்சே" என்றேன். எனக்கே என் பதில் பிடிக்கவில்லை. 

மறுநாள் காலை. மதியச் சாப்பாட்டுக்கு முன்பே குழு வந்துவிடும். சரசு சீர்ப் பலகாரத்தோடு வந்து சேர்ந்தாள். கோகிலா கடைசி முயற்சியாக ஒரு சில்லு போட்டு, பழக்கதோஷத்தில் அவளிடமே நீட்டிவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். எனக்கும் வேறு வேலை ஓடவில்லை. சும்மா சரசுவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் சில்லை டப்பாவில் வைத்தாள். மூடினாள். மேல் அங்கியின் பையிலிருந்து கறுப்பாக ஒரு கட்டையை எடுத்து, டப்பாவின் மேல் இடமிருந்து வலமாக நிதானமாக ஓட்டினாள். பிறகு மேசை மேலும் ஓட்டினாள். கட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டுப் பையில் போட்டாள்.

"சரசு, அது என்னது?"

"காந்தமுங்க மேடம்."

"எதுக்கு?"

"ஊசிக்குத்தானுங்க. சில்லுல கீறறதுக்கு நீங்க பிளேடு ஒடச்சு வேல பாக்கறீங்க. துண்டு கிண்டு உளுந்திருந்தா? மேசைய உட்டு எது போனாலும் ஒருக்கா தடவித்தானுங்க அனுப்போணும்."

உங்களில் வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. பனியன் கம்பெனியில் தையல் ஊசி உடைந்தால் துண்டு முழுவதும் கிடைக்கிற வரை அந்தக் கட்டு நகராது. மேசை, தரை, துணி என்று எல்லாவற்றையும் காந்தத்தால் தடவுவார்கள். எங்கேயோ வெளிநாட்டில் ஒரு குழந்தையின் சட்டைக்குள் அந்த முனை போய்விடக் கூடாது. சரசு பல வருடம் அந்தப் பொறுப்பைப் பார்த்தவள். எங்களிடம் வந்தபோதும் காந்தம் கூடவே வந்தது. யாரும் செய்யச் சொல்லவில்லை, யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அதைவிடப் பெரிய வேடிக்கை, நாங்கள் எல்லோரும் அதைப் பார்த்திருக்கிறோம். எங்கள் கண் முன்னால்தான் தினமும் தடவினாள். திருப்பூரில் ஒரு மேசையைக் காந்தத்தால் தடவுவது பெருக்குவது மாதிரி, யார் கண்ணிலும் படாது. காந்தப் புள்ளிகளை ஆராய்கிற ஆய்வகத்தில் ஓர் ஆள் காந்தத்தோடு நடமாடுகிறாள், அது ஒருவருக்கும் உறைக்கவில்லை. சென்னையிலிருந்து ஒரு விருந்தாளி வந்து நின்றிருந்தால் முதல் நிமிடமே கேட்டிருப்பார். நான் அந்த ஊரிலேயே ஊறிப்போயிருந்தேன்.

கோகிலா எழுந்துவிட்டாள். சரசுவின் முகம் வெளிறிப்போயிற்று.

"நான் எதாச்சும் தப்புப் பண்ணிட்டனுங்களா மேடம்? என்னால லேசரு போயிருமுங்களா?"

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. ஆனால் அதை யார் மேல் காட்டுவது? பலகை முழுக்க அம்புக்குறி போட்டது நான். ஒரு துணியை எடுத்து அந்தக் கோட்பாட்டை அழித்தேன். அழிக்க அழிக்கச் சிரிப்பு வந்துவிட்டது. ஒளி சீவிவிட்டதாம்.

தாளாளர் வந்தார். விஷயத்தைச் சொன்னோம். முழுக்கக் கேட்டுவிட்டு, மரியாதையாகவே சொன்னார்.

"அவிங்க வந்துட்டுக் கெளம்பட்டுமுங்க மேடம். அப்பறம் நாமளே திருத்திக்கலாமுங்க. பொய் சொல்லுங்கன்னு சொல்லலீங்க. பேசாம இருங்கன்னுதான் சொல்றனுங்க."

எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. இதில் பொய் என்ன இருக்கிறது? படம் நிஜம், புள்ளிகள் நிஜம், வாயை மூடிக்கொண்டால் போதும். வாசலில் கார் வந்து நிற்கும் நேரத்தில் அந்த யோசனை எவ்வளவு நியாயமாகத் தெரியும் என்பது உங்களுக்கும் ஒருநாள் தெரியும்.

கோகிலாதான் பேசினாள். இப்போது அவள் குரல் பழையபடி உரக்க இருந்தது.

"ஏனுங்கய்யா, அந்தப் படத்தக் காட்டினா, இது எதனாலன்னுதான் மொதக் கேள்வி கேப்பாங்க. தெரிஞ்சு வெச்சுட்டுத் தெரியாதுன்னு நான் எப்பிடிங்க சொல்றது?" என்றவள், சட்டென்று என் பக்கம் திரும்பினாள். "மேடம், இருங்க. சரசக்கா தடவி எல்லாம் திரும்புச்சுன்னா, அது அத்தனையும் நெசமாலுமே காந்தமுங்க. தனித்தனிக் காந்தமுங்க. நாம இதைய யாருக்குமே காட்டலீங்களே."

அவள் சொன்னது சரி. ஒளி திசை திருப்புகிறது என்ற பொய்யான அதிசயத்தின் பின்னால் ஓடியதில், கையில் இருந்த நிஜமான அதிசயத்தை நாங்கள் திரும்பிப் பார்க்கவே இல்லை. காந்தமே இல்லாத ஒரு படலத்தில், ஒரே துடிப்பில், லட்சக்கணக்கான தனித்தனிக் காந்தங்கள். அதற்கு மேல் என்ன வேண்டும் எங்களுக்கு?

தாளாளர் அவளைப் பார்த்தார். "சரி கண்ணு. உம் பொழப்பு இது. நீயே பேசு" என்றார்.

குழுவின் தலைவர் வயதானவர், தமிழர்தான், வடக்கே எங்கோ வேலை பார்த்தவர். கூட இரண்டு பேர். கோகிலா திரையில் அந்த அழகான படத்தைப் போட்டாள். மூவரும் முன்னால் சாய்ந்தார்கள். ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம், கைதட்டு வாங்கியிருக்கலாம்.

"இது தப்பான படமுங்க சார்" என்றாள் கோகிலா. காந்தம், ஊசி, டப்பா எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்றையும் குறைக்கவில்லை. அறையின் மூலையில் நின்ற சரசு தலையைக் குனிந்துகொண்டாள்.

தலைவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. "சரிம்மா. காந்தம் பட்டது இருக்கட்டும். இந்தப் புள்ளிகள் காந்தம்னு நான் எப்படி நம்புறது? வெறும் மேடு பள்ளமா இருந்தாலும் நுண்ணோக்கியில இப்படி ஏதாவது தெரியலாமே."

"செஞ்சு காட்டறனுங்க சார்."

புதுச் சில்லு. லேசர் ஒருமுறை 'டக்' என்றது. மூலையில் ஒரு கீறல் அடையாளம் போட்டு, டப்பாவில் வைக்காமல் நுண்ணோக்கிக்கு எடுத்துப்போனோம். படம் வரி வரியாக இறங்கியது. ஆளுக்கொரு பக்கம் பார்க்கும் கூட்டம்.

"சரசக்கா, எப்பவும் பண்ற மாதிரியே பண்ணுங்க" என்றாள் கோகிலா.

சரசு என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். சில்லை டப்பாவில் வைத்து மூடி, காந்தத்தை இடமிருந்து வலமாக ஓட்டினாள். கீறலைத் தேடிப் பிடித்து, அதே இடத்தை மறுபடி நுண்ணோக்கியில் வைத்தோம். முதல் வரி இறங்கியது. எல்லா வெள்ளையும் ஒரு பக்கம். இரண்டாவது வரி, மூன்றாவது வரி. ஒன்றுகூட விலகவில்லை. தாளாளர் நாற்காலியை விட்டு எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார், எங்களுக்குப் பாதித் திரைதான் தெரிந்தது. உட்காரச் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை.

தலைவர் முதல்முறையாக நேரே சரசுவிடம் பேசினார்.

"அம்மா, அதையே வலமிருந்து இடமா ஓட்ட முடியுமா?"

நான் எதிர்பார்க்காத கேள்வி. நாங்கள் அதைச் செய்து பார்த்ததே இல்லை. முன்பு மாறியதற்கு, தேடிப் பிடித்ததில் இடம் தப்பிப்போயிருக்கும் என்று சொல்லிவிடலாம், மேடு பள்ளம் என்றால் எந்தப் பக்கம் ஓட்டினாலும் படம் தலைகீழாகாது. புள்ளிகள் நிஜமாகவே காந்தம் என்றால் அத்தனையும் தலைகீழாகத் திரும்ப வேண்டும். மாறாமல் போனால், கோகிலாவின் ஆய்வேடு அந்த இடத்திலேயே முடிந்தது. சரசு பழக்கமில்லாத பக்கமாகக் கையை இழுத்தாள். சில்லு உள்ளே போனது. அந்தச் சில நிமிடங்களில் நான் எத்தனை தெய்வத்தைக் கூப்பிட்டேன் என்று எனக்கே தெரியாது. இயற்பியல் படித்தவள்தான், கூப்பிட்டேன்.

முதல் வரி இறங்கியது. வெள்ளை இருந்த இடத்தில் கறுப்பு. கறுப்பு இருந்த இடத்தில் வெள்ளை. கோகிலா வாயைப் பொத்திக்கொண்டாள். இறங்க இறங்க எல்லாம் மாறியிருந்தது, கடைசி வரி வரை.

தலைவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "முதல் படத்தை மட்டும் காட்டிட்டு நீ சும்மா இருந்திருந்தா நான் நம்பியிருப்பேன்மா. ஊர் ஊராப் போய்ச் சொல்லியும் இருப்பேன். நாலு ஆய்வகம் வருஷக்கணக்கா அதுக்குப் பின்னாடி அலைஞ்சிருக்கும்." கோகிலா பக்கம் திரும்பினார். "அந்தப் படத்தைத் தூக்கிப் போட்டுடாதே. உன் ஆய்வேட்டுல முதல்ல அதைப் போடு. நான் படிக்கணும்."

கோகிலா சுற்றி வளைக்கிற பெண் இல்லை. "லேசர் இல்லாம ஆய்வேட்ட எப்பிடிங்க சார் முடிக்கறது?" என்று நேராகவே கேட்டாள்.

"லேசர் இல்லாம எதுக்கு முடிக்கணும்?" என்றார் அவர்.

எங்களுக்கு விளங்கச் சற்று நேரம் ஆனது. தாளாளருக்குத்தான் முதலில் விளங்கியது. சாப்பாடு ஆறிப்போகிறது என்று சொல்லிக் குழுவை அழைத்துக்கொண்டு போனார், நடையில் ஒரு துள்ளல் இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கமில்லாமல் அழுதேன்.

திரும்பிப் பார்த்தால் சரசு அறையின் அந்தக் கோடியில், சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். காந்தத்தைப் பிடித்த கையை முதுகுக்குப் பின்னால் எவ்வளவு தூரம் நீட்ட முடியுமோ அவ்வளவு நீட்டியிருந்தாள்.

"மேடம், இதைய இனி எங்கீங்க வெக்கறது?"

ஜன்னல் வழியே பார்த்தால், எங்கள் கட்டடத்தில் கோகிலா அதற்குள் அடுத்த சில்லை லேசருக்கு முன்னால் பொருத்தத் தொடங்கியிருந்தாள்.

"அவகிட்ட கொண்டு போய்க் குடு" என்றேன். "கூடவே நில்லு. எப்படி ஓட்டணும்னு அவளுக்குத் தெரியாது."